ஒரே வேலை, ஒரே கைவலி: ஒருவருக்கு இரண்டு மாதத்தில் தீர்கிறது, மற்றவருக்கு ஏன் ஓராண்டாகியும் தீரவில்லை?

நொய்யல்கரை:

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் பதினான்கு ஆண்டுகளாக மேற்பார்வையாளராக இருக்கிறேன். எங்கள் பிரிவில் பதினோரு பெண்கள் பிசிறு வெட்டுகிறார்கள். ஒரு பனியனில் எட்டு, பத்து இடங்களில் நூல் வெட்ட வேண்டும். ஒருவர் ஒரு ஷிப்டில் ஐந்நூறு உருப்படிகளைப் பார்க்கிறார் என்றால், அந்தச் சிறிய கத்தரியை அவர் கை எத்தனை ஆயிரம் முறை அழுத்துகிறது என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

சென்ற ஆண்டு சரக்கு அனுப்பும் நெருக்கடியில் ஒன்றரை ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தபோது, இவர்களில் இருவருக்கு ஒரே மாதத்தில் வலது முழங்கையின் வெளிப்புறத்தில் வலி தொடங்கியது. இருவருக்கும் நாற்பது வயதை ஒட்டிய பருவம். இருவரையும் பார்த்த மருத்துவர் டென்னிஸ் எல்போ என்றே சொன்னார். முதலாமவர் இரண்டு மாதத்தில் தேறிவிட்டார். இரண்டாமவருக்கு ஓராண்டு கடந்தும் தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியவில்லை. தோசைக்கரண்டியைப் பிடித்துத் திருப்பினால்கூட வலிக்கிறது என்கிறார். அவர் வேலைக்கு மெனக்கெட்டவர், வேலையைத் தட்டிக்கழிப்பவர் அல்லர் என்பதை நான் அறிவேன். மேலாளர் அலுவலகத்தில் வேறு மாதிரிப் பேசுகிறார்கள் என்பதால்தான் இங்கே கேட்கிறேன். குணமாவது எதைப் பொறுத்து அமைகிறது?

இயன்முறை மதுரை:

நல்ல கேள்வி சகோதரி. இயன்முறை மருத்துவராக நான் பார்த்தவற்றையும் படித்தவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கத்தரியை அழுத்துவது விரலை மடக்கும் தசை, அது முன்கையின் உட்புறத்தில் இருக்கிறது. அப்படியிருக்க வலி ஏன் வெளிப்புறத்தில் வருகிறது என்று பலர் கேட்பார்கள். எதையாவது இறுகப் பிடிக்கும்போது மணிக்கட்டு முன்னோக்கி மடங்கிவிடாமல் பின்பக்கத் தசைகள் அதை இழுத்து நிறுத்துகின்றன. அவற்றின் தசைநாண் முழங்கையின் வெளி எலும்பில் போய்ச் சேர்கிறது. எனவே ஒவ்வொரு வெட்டுக்கும் அந்த ஒரே இடத்தில் ஓர் இழுப்பு விழுகிறது. தசைநாண் தசையைப் போல விரைவாகத் தன்னைச் சீரமைத்துக்கொள்வதில்லை. அதற்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காலம் வேண்டும். ஆயினும் பெரும்பாலானோருக்கு இது தேறும் நோய்தான். டென்மார்க்கில் 2003இல் வெளியான ஓர் ஆய்வில் இத்தகைய நோயாளிகளை ஓராண்டு பின்தொடர்ந்தபோது 83 விழுக்காட்டினர் முன்னேறியிருந்தனர். தேறாதவர்களிடம் கண்ட பொதுவான கூறுகள் மூன்று: உடலுழைப்பு மிகுந்த வேலை, வேலை செய்யும் கையிலேயே வந்த வலி, தொடக்கத்திலேயே கடுமையாக இருந்த வலி. உங்கள் இரண்டு பெண்களுக்கும் முதல் இரண்டு கூறுகளும் பொருந்துகின்றன. ஆகவே வேறுபாட்டை அவற்றுக்கு வெளியே தேட வேண்டும்.

இருவருக்கும் என்ன சிகிச்சை நடந்தது? குறிப்பாக, ஊசி போடப்பட்டதா? வலி வந்த பின் ஒவ்வொருவரும் என்ன வேலை செய்தார்கள்? சர்க்கரை நோய் உண்டா? இவற்றைச் சொல்லுங்கள்.

நொய்யல்கரை:

முதலாமவரை நான் அந்த வாரமே செக்கிங்குக்கு மாற்றினேன். அந்த நேரத்தில் அங்கே ஓர் இடம் காலியாக இருந்தது என்பதைத் தவிர அதில் என் திறமை ஒன்றும் இல்லை. அவர் நாள் கூலியில் இருந்ததால் வருமானமும் குறையவில்லை. கனமான கட்டுகளைப் பக்கத்தில் இருந்தவர்கள் தூக்கிக் கொடுத்தார்கள்.

இரண்டாமவர் பீஸ் ரேட்டில், அதாவது உருப்படிக் கணக்குக் கூலியில் இருந்தார். வலியோடு ஏழு வாரம் ஒன்றரை ஷிப்ட் பார்த்தார். பிறகு ஒரு மருத்துவமனையில் ஊசி போட்டார்கள். மறு வாரமே வலி பறந்துவிட்டது என்று மகிழ்ச்சியோடு திரும்பினார், முழு வேகத்தில் வெட்டினார். இரண்டரை மாதத்தில் வலி முன்னைவிட அதிகமாகத் திரும்பியது. மீண்டும் ஊசி, மீண்டும் அதே கதை. மூன்றாவது ஊசிக்குப் பின் கையை அசைக்கவே கூடாது என்று யாரோ சொன்னதால் இரண்டு மாதம் வீட்டில் இருந்தார். இப்போது கையை மார்போடு அணைத்துக்கொண்டே நடக்கிறார். அவருக்குச் சர்க்கரை உண்டு; மாத்திரையை ஒழுங்காக எடுப்பதில்லை. இரவில் தூக்கமில்லை என்கிறார். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

இயன்முறை மதுரை:

நீங்கள் எழுதிய இந்தப் பத்தியிலேயே பாதி விடை இருக்கிறது.

முதலில் ஊசி. இந்த முழங்கை வலிக்கு ஸ்டீராய்டு ஊசி குறுகிய காலத்தில் மிக நன்றாக வேலை செய்கிறது, இடர்ப்பாடே அதுதான். நெதர்லாந்தில் 185 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2002இல் வெளியானது. ஆறாவது வாரத்தில் ஊசி போட்டவர்களில் 92 விழுக்காட்டினரும், பிசியோதெரபி பெற்றவர்களில் 47 விழுக்காட்டினரும், பொறுத்திருந்து பார்த்தவர்களில் 32 விழுக்காட்டினரும் தேறியிருந்தனர். அந்த நிலையோடு ஆய்வை நிறுத்தியிருந்தால் ஊசியே சிறந்தது என்று எல்லோரும் நம்பியிருப்போம். 52ஆம் வாரத்தில் பார்த்தபோது முதலிடத்தில் இருந்த ஊசி கடைசிக்குப் போயிருந்தது: ஊசிக்கு 69, பிசியோதெரபிக்கு 91, பொறுத்திருந்தவர்களுக்கு 83. பின்னர் 2013இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், மருந்தில்லாத உப்பு நீர் ஊசி போட்டவர்களோடு ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களை ஒப்பிட்டார்கள். ஓராண்டுக்குள் வலி திரும்பியவர்கள் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 54 விழுக்காடு, மற்றவர்களில் 12 விழுக்காடு. வலியை மறைத்துவிட்டு ஆறாத தசைநாணின் மேல் முழுச் சுமையை ஏற்றுவதும், அந்த மருந்தே தசைநாணுக்கு நல்லது செய்யாததும் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. உங்கள் இரண்டாமவருக்கு நடந்தது இதுவேதான். இதில் அவர் தவறு எதுவும் இல்லை.

அடுத்தது முழு ஓய்வு. பிரிட்டனில் கைவலிக்காக பிசியோதெரபிக்கு அனுப்பப்பட்ட 538 பேரிடம் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2019இல் வெளிவந்தது. சிகிச்சைக்காகக் காத்திருந்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் கைக்கு ஓய்வு கொடுங்கள் என்றும், இன்னொரு பகுதியினருக்கு இயன்ற அளவு வழக்கமான வேலைகளைச் செய்துகொண்டிருங்கள் என்றும் சொன்னார்கள். 26ஆம் வாரத்தில், செயலோடு இருக்கச் சொல்லப்பட்டவர்களின் கை, ஓய்வெடுக்கச் சொல்லப்பட்டவர்களின் கையைவிட நன்றாக இயங்கியது. உடனடியாக பிசியோதெரபி தொடங்கியதால்கூட அதைவிடக் கூடுதல் பயன் கிடைக்கவில்லை. பிசியோதெரபியே தொழிலாகக் கொண்ட நான் இதைச் சொல்லத் தயங்கவில்லை. சரியான ஓர் அறிவுரைக்கு எவ்வளவு வலிமை இருக்கிறது என்பதை நாங்களே முதலில் உணர வேண்டும்.

தரமணி வாசி:

ஐயா சொன்ன இரண்டாவது செய்தி என் வாழ்க்கையில் நடந்தது. நான் மென்பொருள் துறையில் இருக்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன், வீட்டிலேயே கட்டிலில் அமர்ந்து மடிக்கணினியில் வேலை செய்த காலத்தில், வலது மணிக்கட்டிலும் முன்கையிலும் வலி வந்தது. இணையத்தில் படித்துப் பயந்து, மணிக்கட்டுப் பட்டையை இரவும் பகலும் மூன்று மாதம் கழற்றாமல் இருந்தேன். பட்டையைக் கழற்றியபோது கதவுக் கைப்பிடியைத் திருகும் வலுகூட இல்லை. வலியைவிட, இந்தக் கை இனி உதவாது என்ற அச்சமே என்னை அதிகம் முடக்கியது. விசைப்பலகையைத் தொடும் முன்பே தோள் இறுகிவிடும்.

எனக்குத் திருப்பம் தந்தது ஒரு மருத்துவரின் கேள்வி. "வலித்தால் கெட்டுப்போகிறது என்று யார் உங்களிடம் சொன்னார்கள்?" என்று கேட்டார். வலி பத்துக்கு மூன்று, நான்கு என்ற அளவுக்குள் இருந்து, மறுநாள் காலை பழைய நிலைக்கே திரும்பிவிட்டால், அந்த வேலை கைக்கு ஆகும் என்று அளவு சொல்லிக் கொடுத்தார். பத்து நிமிடத் தட்டச்சில் தொடங்கினேன். ஐந்து மாதத்தில் முழு நாள் வேலை செய்தேன். நாற்காலியும் மேசையும் மாற்றினேன், அவையும் உதவின. ஆனால் அச்சம் விலகியிராவிட்டால் அவற்றால் பயன் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

உழைப்பவர் பக்கம்:

தரமணி நண்பரின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இந்த இழை போகும் திசை எனக்குக் கவலை தருகிறது. அச்சம், நம்பிக்கை என்று பேசத் தொடங்கினால், அடுத்த வாரமே ஒரு மேலாளர் "உன் வலி உன் மனத்தில் இருக்கிறது" என்று அந்தப் பெண்ணிடம் சொல்வார். முப்பது ஆண்டு தொழிற்சங்க வேலையில் இதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். மீண்டும் மீண்டும் செய்யும் அசைவாலும் விசையாலும் வரும் மணிக்கட்டுத் தசைநாண் அழற்சி, முழங்கை வலி, மணிக்கட்டில் நரம்பு நசுங்கும் கார்ப்பல் டனல் நோய் ஆகியவற்றை பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010ஆம் ஆண்டின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. இவை உடலில் நிகழும் காயங்கள்.

தரமணி நண்பரால் பத்து நிமிடத்தில் தொடங்க முடிந்தது, ஏனெனில் அவருக்கு மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. பீஸ் ரேட்டில் இருப்பவர் பத்து நிமிடம் வெட்டினால் பத்து நிமிடத்துக்கான காசுதான் கிடைக்கும். இஎஸ்ஐ எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் மருத்துவச் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும் என்பது பெரிய உதவி. ஆனால் அது வேலைக்கு வராத நாளுக்கு உரியது. பாதி நாள் வேலை, பாதி நாள் ஓய்வு என்று கை கேட்கிறது; ஒன்று முழுவதும் வா, இல்லையேல் முழுவதும் வராதே என்று ஏற்பாடு சொல்கிறது. அந்த அம்மா ஏழு வாரம் வலியோடு வெட்டியதற்கும், பிறகு இரண்டு மாதம் அசையாமல் இருந்ததற்கும் இந்த அமைப்பே காரணம்.

மெல்பேர்ண் வாசகி:

நான் 1983க்குப் பின் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கு வந்து, ஓர் அரசு அலுவலகத்தில் தரவுகளைக் கணினியில் பதியும் வேலையில் சேர்ந்தேன். கைவலி ஒரு நாட்டையே பிரித்துப்போட்டதை அருகிலிருந்து பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் ஆஸ்திரேலியாவில் கைவலி அலை அலையாகப் பரவியது. டெலிகாம் ஆஸ்திரேலியா நிறுவனத்தில் மட்டும் 1981 முதல் 1985 வரை ஏறத்தாழ 4,000 பேர் முறையிட்டார்கள். எல்லோரையும் திகைக்க வைத்த செய்தி என்னவென்றால், மிக வேகமாக விசை தட்டும் தந்திப் பணியாளர்களிடம் முறைப்பாடு மிகக் குறைவு. அவர்களை விட மிகக் குறைவாகத் தட்டும் தொலைபேசி இயக்குநர்களிடம் அது பல மடங்கு அதிகம். இதை வைத்து ஒரு சாரார் எல்லாம் கற்பனை என்றார்கள், மறு சாரார் எல்லாம் தசைக் கிழிவு என்றார்கள். பத்திரிகைகளில் எங்களைப் பற்றிக் கேலிச் சித்திரங்கள் வந்தன. என் பக்கத்து மேசையில் இருந்த பெண் தன் வலி உண்மை என்று மருத்துவர்களிடமும் காப்பீட்டுக்காரர்களிடமும் மெய்ப்பித்துக்கொண்டே இரண்டு ஆண்டுகளைக் கழித்தாள். தினமும் தன் வலியை நிறுவ வேண்டிய நிலையில் இருப்பவருக்கு, அதை மறந்திருக்க ஒரு நாளும் வாய்ப்பதில்லை. அந்தப் போராட்டமே அவளது குணமாதலை மறித்தது என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

எனவே, உழைப்பவர் பக்கத்து ஐயா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் விசை எண்ணிக்கை ஒன்றே எல்லாவற்றையும் விளக்கிவிடவில்லை என்பதும் உண்மை. பின்னாளில் 18 நாடுகளில் 47 தொழிற்குழுக்களைச் சேர்ந்த பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் ஓர் ஆய்வு நடந்தது. இலங்கையும் அதில் இருந்தது. அன்றாடச் செயல்களுக்கு இடையூறு செய்யும் அளவுக்கான மணிக்கட்டு, கைவலி அலுவலகப் பணியாளரிடையே ஒரு குழுவில் 2.2 விழுக்காடாகவும் இன்னொரு குழுவில் 31.6 விழுக்காடாகவும் இருந்தது. எங்கும் ஒரே வகைக் கணினிதான். வேறுபட்டவை வேலைத்தலமும், வேலையின் மீது ஒருவருக்கு இருந்த பிடிமானமும், வலியைப் பற்றி ஊரில் நிலவிய எண்ணமும், இன்னும் நாம் பெயர் வைக்காத பலவும்.

இயன்முறை மதுரை:

அம்மா எழுதியதை இரண்டு முறை படித்தேன். தோழர் கேட்டதற்கும் அதிலேயே பதில் தொடங்குகிறது.

வலி உடலிலா மனத்திலா என்று பிரிப்பதே பிழை. தசைநாணில் வரும் இழுப்பு உண்மையானது. அந்த இழுப்பை நரம்பு மண்டலம் எவ்வளவு அபாயமாக எடுத்துக்கொள்கிறது என்பது தூக்கம், சர்க்கரையின் அளவு, மனச்சோர்வு, வீட்டு நெருக்கடி, அடுத்த மாத வாடகை ஆகிய எல்லாவற்றாலும் கூடவோ குறையவோ செய்கிறது. அதுவும் உடலில் நடப்பதுதான். அச்சம் விலக வேண்டும் என்று நாங்கள் சொல்வது தொழிலாளியின் மீது பொறுப்பைத் தள்ளுவதற்காக அன்று. அச்சத்துக்குக் காரணமானதை விலக்கும் கடமை மருத்துவருக்கும் முதலாளிக்கும் உண்டு என்பதற்காக.

தோழர் சொன்ன பாதி நாள் ஏற்பாட்டை ஃபின்லாந்தில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். தசை, மூட்டு வலியால் விடுப்பு தேவைப்பட்ட அறுபது பேர் அளவிலான ஒரு சிறு ஆய்வில், ஒரு குழுவுக்கு முழு விடுப்பும், மற்றொன்றுக்கு வேலை நேரத்தைப் பாதியாகக் குறைக்கும் பகுதி விடுப்பும் கொடுத்தார்கள். நிலையாக வேலைக்குத் திரும்ப முழு விடுப்புக் குழுவுக்கு இடைநிலையாக 20 நாளும், பகுதி விடுப்புக் குழுவுக்கு 12 நாளும் ஆயின. பகுதி விடுப்பால் வலி கூடிவிடவில்லை.

சகோதரி, உங்கள் இரண்டாமவருக்கு முதலில் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை தசைநாண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். தோள்மூட்டு இறுகிப்போவதும், மணிக்கட்டு நரம்பு நசுங்குவதும் சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும். கையை மார்போடு அணைத்து நடக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தோளையும் ஒரு மருத்துவர் சோதித்தாக வேண்டும். இரவில் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்து எழுப்பினாலோ, கட்டைவிரல் அடிச்சதை வற்றினாலோ, கழுத்திலிருந்து வலி ஓடினாலோ அது வேறு நோய். நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ கையில் வரும் வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சர்க்கரை உள்ளவர்களிடம் இதை நான் தவறாமல் சொல்வேன்.

இவை எதுவும் இல்லையென்றால், முன்கையை மேசை மேல் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, மற்றக் கையின் துணையால் மணிக்கட்டை உயர்த்தி, வலிக்கும் கையால் மட்டும் மெதுவாக இறக்கட்டும். தரமணி நண்பர் சொன்ன அதே அளவுகோல் இதற்கும் பொருந்தும். பன்னிரண்டு வாரம் பொறுமை வேண்டும். முதல் மூன்று வாரத்தில் எதுவும் மாறாதது போலத் தோன்றும். பலர் அங்கேதான் கைவிடுகிறார்கள்.

கத்தரியையும் பாருங்கள். சுருள்வில் கடினமாக இருந்தாலோ, முனை மழுங்கியிருந்தாலோ ஒவ்வொரு வெட்டுக்கும் கூடுதல் விசை தேவைப்படும்.

நொய்யல்கரை:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை சோதித்ததில் மிக அதிகமாக இருந்தது. இப்போது மாத்திரையை ஒழுங்காக எடுக்கிறார். தோள் சிறிது இறுகியிருக்கிறது என்று மருத்துவர் சொல்லி, அதற்கும் பயிற்சி கொடுத்திருக்கிறார். உரிமையாளரிடம் நானே போய்ப் பேசினேன். ஓராண்டாக அவர் வராத நாள்களையும், புதியவர்களைப் பழக்கியதில் திரும்பி வந்த உருப்படிகளையும் கணக்கிட்டுக் காட்டினேன். மூன்று மாதத்துக்கு மட்டும் ஒப்புக்கொண்டார்: காலையில் இரண்டு மணி நேரம் பிசிறு வெட்டுவது, மீதி நேரம் செக்கிங்கும் லேபிள் பிரிப்பதும், கூலி அந்த வரிசையின் சராசரியில். முதல் வாரம் அவர் அழுதார். வலியால் அன்று, மற்றவர்கள் வெட்டியதில் தான் பங்கு வாங்குவதாக அவருக்குத் தோன்றியதால். பக்கத்தில் இருந்தவர்களே பேசிச் சரிசெய்தார்கள்.

சென்ற வாரம் குடத்தை இரு கையாலும் தூக்கியதாகச் சொன்னார். வலி இருக்கிறது, ஆனால் தூக்கம் வருகிறது. எல்லாக் கத்தரிகளையும் வரிசையாகச் சோதித்ததில் நான்கின் முனை மழுங்கியிருந்தது. அவற்றில் ஒன்று அவருடையது. பதினான்கு ஆண்டாக அந்த வரிசையில் நடக்கிறேன், ஒரு நாளும் அந்தக் கத்தரியை நான் கையில் எடுத்து அழுத்திப் பார்த்ததில்லை.

மூன்று மாதம் முடிவதற்குள் இந்த ஏற்பாட்டை நீட்டிக்கக் கேட்டு அவருக்காக ஒரு கடிதம் எழுதுகிறேன். என்ன சேர்க்கலாம் என்று சொல்லுங்கள்.

உழைப்பவர் பக்கம்:

சகோதரி, கடிதத்தில் அவர் ஒருவருக்காக மட்டும் கேட்காதீர்கள். பிசிறு வெட்டும் பதினோரு பேருக்கும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வேலை மாறும் முறையைக் கேளுங்கள். ஒருவருக்கு மட்டும் சலுகை என்றால் அவர் எப்போதும் நோயாளியாகவே பார்க்கப்படுவார். எல்லோருக்கும் முறை என்றால் அவரும் வரிசையில் ஒருவர். வரைவை இங்கே இடுங்கள், கூலிக் கணக்குப் பகுதியை நான் சரிபார்த்துத் தருகிறேன்.